கால் எந்தப் பக்கம்

விழல. முதல்லயே சொல்லிடறேன், நான் விழல, தரையில படுத்திருக்கேன், அவ்வளவுதான், தரையில படுத்திருக்கறவன் எல்லாம் விழுந்தவன்னு எந்தப் பாடப்புத்தகத்துல போட்டிருக்கு, வெயில் காலத்துல திருச்சியில பாதிப் பேரு தரையிலதான் கிடக்கான். சரி, விழுந்துட்டேன். யார்கிட்ட வழக்காடிக்கிட்டு இருக்கேன், வீட்ல ஈ காக்கா இல்ல. கன்னம் மொசைக் தரையில ஒட்டியிருக்கு, சில்லுன்னு இருக்கு, மூக்குக்கு முன்னாடி ஒரு கறுப்புக் கல்லு, பக்கத்துல ஒரு வெள்ளைக் கல்லு, அதைத் தாண்டி நாற்காலியோட ஒரு கால், மத்த மூணு காலையும் காணோம், கண்ணாடி எங்கயோ போயிடுச்சு, அதனாலயா இருக்கும். எப்படி விழுந்தேன்? நின்னுக்கிட்டு இருந்தேன், அது ஞாபகம் இருக்கு. இப்ப கிடக்கறேன், அதுவும் தெரியுது. நடுவுல இருந்த துண்டைத்தான் காணோம். ரிடையர் ஆகற வரைக்கும் பதினொண்ணாவது பசங்களுக்கு இதைத்தானே சொல்லிக் கொடுத்தேன், ஒரு பொருளோட ஈர்ப்பு மையத்துலேர்ந்து கீழ ஒரு செங்குத்துக் கோடு போடுடா, அந்தக் கோடு அடிப்பரப்புக்குள்ள விழற வரைக்கும் பொருள் நிக்கும், வெளிய போச்சுன்னா சாஞ்சுடும். போர்டுல வைக்கோல் ஏத்தின லாரி ஒண்ணு வரைவேன். எழிலரசு சார் லாரின்னே அதுக்குப் பேரு. இன்னைக்கு லாரி கவுந்து கிடக்கு, கோடு எப்ப வெளிய போச்சுன்னு டிரைவருக்கே தெரியல. இடது விலா வலிக்குது. வலது கை உடம்புக்கு அடியில மாட்டியிருக்கு, அடியில இருந்துக்கிட்டே ஆடுது, நான் மேல ஏறிப் படுத்தாலும் அதுக்குக் கவலையில்ல. கை ஆடறதுதான் எல்லாருக்கும் தெரியும், பார்க்கின்சன்னா கை ஆடும், எதிர்வீட்டுக்காரர்கூட உதறுவாதம்னுதான் சொல்றாரு, ஆடினா ஆடிட்டுப் போகுது, கையை ஜோபியில விட்டுக்கலாம். காலை எங்க விடறது. கதவு நிலைக்கிட்ட வந்தா கால் நின்னுடும், உடம்பு நிக்காது, அது பாட்டுக்கு முன்னாடி போயிடும். அதுதான் இந்த வியாதி, கை இல்ல.

மல்லிப்பூ வாசனை வருது. சாம்பிராணியும். அப்ப இது சௌந்தரத்தோட சாமி அலமாரி இருக்கற மூலை, கூடத்துல கிழக்குப் பக்கம், சரி, இடம் தெரிஞ்சுடுச்சு, இடம் தெரிஞ்சா பாதிக் கணக்கு முடிஞ்ச மாதிரி. ஆனா அலமாரி எங்க, முன்னாடி நாற்காலி கால்தானே தெரியுது, வாசனை எங்கேர்ந்து வருது. இரு, ஒண்ணொண்ணா வா. சௌந்தரம் என் பெண்டாட்டி, கோயிலுக்குப் போயிருக்கா, வெள்ளிக்கிழமை ராகு காலம், துர்க்கைக்கு எலுமிச்சம்பழத் தோல்ல விளக்குப் போடப் போயிருக்கா, எனக்காகத்தான், நான் விழாம இருக்கணும்னு. நான் விழாம இருக்க அவ அங்க பழத்தைப் பிழிஞ்சுக்கிட்டு இருக்கா, நான் இங்க விழுந்து கிடக்கறேன், நல்ல நேரமா இருந்தா சிரிப்பேன், அவகிட்டயே சொல்லிச் சிரிப்பேன், உன் துர்க்கைக்கு டைம் டேபிள் சரியில்ல போலிருக்கேன்னு. இன்னைக்கு அவகிட்ட சொல்ல முடியாது. அதுதான் இப்ப பிரச்சினை, விலா இல்ல. ராகு காலம் முடிஞ்சதும் வந்துடுவா, வந்து பாத்தா தீர்ந்துச்சு. போன மாசம் பாத்ரூம்ல விழுந்து புருவத்துல தையல் போட்டப்போ பையன் நிலவன் சென்னையிலேர்ந்து வந்தான், கட்டில்கிட்ட நாற்காலியைப் போட்டு உக்காந்து, இனிமே ஒரே ஒரு தடவை விழுந்தீங்கன்னாலும் வீட்டைப் பூட்டிட்டு எங்ககூட வந்துடணும்பா, அம்மா நீ என்ன சொல்றேன்னான். அவ சரின்னா. என்னைப் பாத்தான், என் கை ஏற்கெனவே ஆடிக்கிட்டுத்தான் இருந்துச்சு, சம்மதம்னு எடுத்துக்கிட்டான். நல்ல பையன்தான். அவன் வீடு ஒன்பதாவது மாடி, தரை கண்ணாடி மாதிரி இருக்கும், எங்க கால் வைக்கறதுன்னே தெரியாது. போன கோடையில அங்க லிஃப்டுக்கு முன்னாடி நின்னுட்டேன், கதவு திறந்துச்சு, கால் வரல, கதவு மூடிடுச்சு, மறுபடி திறந்துச்சு, உள்ள இருந்த ஒரு அம்மா வாங்க சார் வாங்க சார்ங்கறா, வாங்கன்னா வந்துடுமா கால், அவசரப்படுத்தினா இன்னும் இறுகும், கதவு மூடறதும் திறக்கறதுமா என்னை வச்சு விளையாடிச்சு. மருமகள் பின்னாடி வந்து தோளைப் பிடிச்சு அழைச்சுக்கிட்டுப் போச்சு. அங்க நான் நிலவனோட அப்பா, ஒன்பதாவது மாடித் தாத்தா. இங்க எழிலரசு சார். இங்க சுவரு எனக்குத் தெரியும், எந்த இடத்துல கை வைக்கணும்னு கைக்குத் தெரியும், ஜன்னல் கம்பி, ஃப்ரிட்ஜோட மூலை, அடுப்படி நிலை. அந்த வீட்டுக்குப் போனா நான் திரும்பி வர மாட்டேன். பயமா இருக்கு. சொன்னா என்ன, பயமாத்தான் இருக்கு.

எதுக்கு இங்க வந்தேன்? இந்த மூலைக்கு நான் வர்றதே இல்லையே. பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன், இல்ல, பேப்பர் முடிஞ்சுடுச்சு, மாத்திரை போட எந்திரிச்சேன், பத்து மணி மஞ்சள் மாத்திரை, போட்டேனா? டம்ளர்ல தண்ணி ஊத்தினது ஞாபகம் இருக்கு, ஆனா அது நேத்தைய டம்ளரா இன்னைக்கு டம்ளரா, தினம் அதே டம்ளர்தானே. போட்டிருந்தா இன்னும் கொஞ்ச நேரத்துல உடம்பு இளகும், கால் என் பேச்சைக் கேக்கும், எந்திரிச்சு நாற்காலியில உக்காந்து ஒண்ணும் நடக்காத மாதிரி இருந்துடலாம். போடலைன்னா இப்படியே சிமெண்டு மாதிரி கிடக்க வேண்டியதுதான். மாத்திரை அடுப்படியில இருக்கு, இது கூடம், அடுப்படிக்குப் போறவன் கூடத்து மூலையில எப்படி விழுவான். அதோ ஒரு பூனை போச்சு, கண்ணோரத்துல, நாற்காலிக்கு அந்தாண்ட. எங்க வீட்ல பூனை கிடையாது. இந்த வியாதியில அப்படித்தான் சார் தெரியும், பயப்படாதீங்கன்னு டாக்டர் சொன்னாரு, பேய் இல்லடா பிசாசு இல்லடான்னு ஊர் ஊரா மேடை போட்டுப் பேசினவனுக்கு இல்லாத பூனை தெரியுது, பரவால்ல, பூனைதானே. இரு, பூனையை விடு, எதுக்கு வந்தேன். யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. யாரு? கூப்பிட்டாங்க, நான் வேகமா வந்தேன், வேகமா வரக்கூடாதுன்னு தெரியும், வந்தேன். கூப்பிட்டது நிஜக் குரலா பூனைக் கணக்கா? சாமி அலமாரிக்கு முன்னாடி ஒருத்தன் எதுக்கு வருவான், வேற எதுக்கு வருவான். சே. இல்ல. அப்படி இருக்காது. ஆனா நான் வந்திருக்கேனே, என் காலால நடந்து வந்திருக்கேனே, ஒருவேளை தெரியாமலே, உள்ள எங்கயோ பயந்து போயி, யாரும் இல்லாத நேரம் பாத்து, ஒரு தடவை கும்பிட்டாத்தான் என்னன்னு. ஆறுமுகம்னு அப்பா வச்ச பேரை எடுத்துட்டு எழிலரசுன்னு வச்சுக்கிட்டவன், கறுப்புச் சட்டையைத் தவிர வேற சட்டையே கல்யாணத்துக்கு எடுக்காதவன். வந்திருப்பேனா? இல்லைன்னு அடிச்சுச் சொல்ல முடியலையே. ஞாபகம் இருக்கற மனுஷன்தான் அடிச்சுச் சொல்லலாம்.

எந்திரிக்கப் பாரு முதல்ல. வீட்டுக்கு வந்து பயிற்சி சொல்லிக் கொடுக்கற பெனாசிர் சொன்னது எல்லாம் ஞாபகம் இருக்கு, அந்தப் பொண்ணு நல்லாச் சொல்லிக் கொடுக்கும், சார் விழுந்துட்டா உடனே எந்திரிக்காதீங்க, மூச்சு விடுங்க, எங்க அடின்னு பாருங்க, ஒருக்களிச்சுப் படுங்க, கையை ஊனுங்க, தவழற மாதிரி வாங்க, தவழ்ந்து போயி நாற்காலியைப் பிடிங்க. மூச்சு விட்டாச்சு. அடி விலாவுல, பாத்தாச்சு. ஒருக்களிச்சுப் படுக்கணும். உடம்பே, ஒருக்களி. கேக்குதா? நான் சொல்றேன், அது கேக்கல, நடுவுல தபால்காரன் லீவு போட்ட மாதிரி இருக்கு. ராத்திரி கட்டில்லயே புரண்டு படுக்க முடியாம சௌந்தரம்தான் வேட்டி முனையைப் பிடிச்சு இழுத்துப் புரட்டி விடுவா, தரையில யாரு இழுக்கறது. திரும்பறதுதான் எனக்குப் பெரிய பாடு. நேராப் போறது ஓரளவு வந்துடும், திரும்பறப்பத்தான் ஒரு கால் இன்னொரு காலோட சண்டைக்கு நிக்கும். நின்ன இடத்துல சுத்தாதீங்க சார், பஸ் திரும்பற மாதிரி பெரிய வட்டமா வாங்கன்னு பெனாசிர் கூடத்துல நடந்து காட்டும். இந்தக் கூடத்துல பஸ் எங்க திருப்பறது, சோபாவை யாரு தூக்கறது. ஒன்னு ரெண்டு மூணுன்னு சொல்லிக்கிட்டு உந்தினேன், தோள் கொஞ்சம் வந்துச்சு, இடுப்பு வரல, திரும்பப் பழைய இடத்துலயே விழுந்துட்டேன், படுத்திருக்கறவன் விழறதுன்னா அது நான்தான். கண்ணுல தண்ணி வந்துடுச்சு. வலியில இல்ல. ஆத்திரத்துல. எவ்வளவு நேரமாச்சோ, வெளிய தண்ணி கேன் வண்டி சத்தம் கேக்குது, அது வழக்கமா எப்ப வரும், சீக்கிரம் வருமா, லேட்டா வருமா. வந்துடுவா. சாவி அவகிட்ட இருக்கு. வந்து கதவைத் திறப்பா, புருஷன் குப்புறக் கிடப்பான், சாமி அலமாரிக்கு முன்னாடி குப்புற. குப்புற. சாமிக்கு முன்னாடி. அடேய் எழிலரசு. இப்படிக் குப்புறக் கிடக்கறதுக்கு ஊர்ல வேற பேரு இருக்கேடா, கோயில்ல கொடிமரத்துக்கிட்ட போய்ப் பாரு, ஆம்பளைங்க எல்லாம் இப்படித்தான் கிடக்கான், அவனை எல்லாம் யாராவது விழுந்துட்டான்னு சொல்லிப் பையனுக்குப் போன் போடறாங்களா?

சிரிப்பு வந்துச்சு, விலா விடல. கும்பிட்டேன்னு சொல்லிடலாம். அவ எத்தனை வருஷமா ஏங்கறா, சந்தோஷத்துல விழுந்தேனா படுத்தேனான்னு ஆராய மாட்டா, விபூதியைப் பூசி விடுவா, பூசட்டும், கழுவினாப் போயிடும். கொள்கை? கொள்கையைப் பத்தி ஒன்பதாவது மாடியில உக்காந்து யோசிச்சு என்ன பண்றது. கையை மட்டும் எடுத்துத் தலைக்கு மேல நீட்டிக் கூப்பிக்கணும். இடது கை வந்துடுச்சு. அப்புறம்தான் இடிச்சுது. தலைக்கு மேல நீட்டினா நாற்காலி காலு. சாமி எங்க? வாசனை பின்னாடிலேர்ந்து வருது. காலை லேசா ஆட்டிப் பாத்தேன், கட்டைவிரல்ல ஏதோ சில்லுன்னு பட்டுச்சு, பித்தளை, தரையை ஒட்டின கீழ்த்தட்டுல இருக்கற மணி, அது ஒரு தடவை டிங்குன்னுச்சு. அடப்பாவி, காலை சாமி பக்கம் நீட்டிக்கிட்டுக் கிடக்கேன். இதுக்கு விழுந்ததே பரவால்ல. வீட்ல ஒரு பேப்பர் கால்ல பட்டாலே தொட்டுக் கண்ணுல ஒத்திக்கறவ அவ, இதைப் பாத்தா கும்பிட்டான்னு எந்தக் கணக்குல நம்புவா. திரும்பணும். தலை இருக்கற பக்கம் கால், கால் இருக்கற பக்கம் தலை, நூத்தி எண்பது டிகிரி. திரும்பறதுதான் வராதுன்னு இப்பத்தானே சொன்னேன். வராது, ஆனாலும் திரும்பணும், இல்லாத சாமிக்கு நேரா, தப்பில்லாம, ஒழுங்கா. முழங்கையை ஊனி இழுத்தேன், வயித்தை அச்சா வச்சுக்கிட்டு கடிகார முள் மாதிரி, முள் நகருதா நகரலையான்னு தெரியாது பாத்தா, அப்படித்தான் நானும். மொசைக் கல்லு மாறுது, கறுப்புப் போயி சிவப்புக் கல்லு வருது, அப்ப நகர்றேன். வேட்டி அவுந்துடுச்சு, கிடக்கட்டும், இல்ல, கூடாது, அரைகுறையாவா சாமி கும்பிடுவாங்க, அதை ஒரு கையால இழுத்துச் சொருகினேன். இந்தத் தெம்பை வச்சுக்கிட்டு நாற்காலியைப் பிடிச்சிருக்கலாமே? நாற்காலி ஒரு சாண் தள்ளித்தான் இருந்துச்சு. அதைப் பிடிச்சு உக்காந்திருந்தா பொய்யே வேண்டாமே. இது பாதித் திரும்பினதுக்கு அப்புறம்தான் உறைச்சுது, இப்ப நாற்காலி என் கால் பக்கமும் இல்ல தலைப் பக்கமும் இல்ல, ஜன்னலைப் பாத்துக்கிட்டுக் கிடக்கேன், சாமிக்கும் பிரயோஜனமில்ல எனக்கும் பிரயோஜனமில்ல. அலமாரி நான் மாட்டினதுதான். எங்களுது சுயமரியாதைக் கல்யாணம், ஐயரு கிடையாது தாலி கிடையாதுன்னதுக்கு எல்லாம் சரி சரின்னவ, ஒரு அலமாரி மட்டும் எனக்கு வேணும்னா, கொடுத்தேன், ரசமட்டம் வச்சுப் பாத்து நானே துளை போட்டேன், இன்னைக்கு வரைக்கும் ஒரு நூல் சாயல. நான் கும்பிட மாட்டேன், நீ கும்பிடறதைக் கேலி பண்ணுவேன், ஆனா தடுக்க மாட்டேன். அவளும் என்னைக் கூப்பிட்டதில்ல. ஒரே ஒரு தடவை கூப்பிட்டா, நிலவனுக்கு மூளைக்காய்ச்சல் வந்து பெரியாஸ்பத்திரியில கிடந்தப்போ, ஒரு தடவை அவன் பேரைச் சொல்லிக் கையெடுங்கன்னு என் காலைப் பிடிச்சா. நான் எடுக்கல. அம்மாவை எடுத்துக்கிட்டுப் போனப்போ வாய்க்கரிசி போட மாட்டேன்னு தள்ளி நின்னேன், சொந்தக்காரன் எல்லாம் காறித் துப்பாத குறை. அப்பல்லாம் எப்படி நின்னேன்? கால் நல்லா இருந்துச்சு, நின்னேன். இன்னும் கொஞ்சம் இழு, இன்னும் கொஞ்சம். முருகன் படம் தெரியுது, கண்ணாடி இல்லாம மயிலும் வேலும் ஒண்ணாக் கலங்கித் தெரியுது. வந்துட்டேன்யா. பாத்துக்க.

கிரில் கேட்டு சத்தம். திரும்பினதுல வலது கையும் வெளிய வந்திருந்துச்சு, கையை நீட்டிட்டேன், ரெண்டையும் சேத்தும் வச்சுட்டேன், சேந்ததும் ரெண்டும் ஒண்ணாவே ஆடுது, ஆடட்டும், பக்தியில ஆடறதா இருக்கட்டும். சாவி நுழையற சத்தம். பொய் சொல்லப் போற பசங்களை வகுப்புல எத்தனை பாத்திருக்கேன், எனக்கு முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சுடும். நல்லவேளை என் முகம் தரையில இருக்கு.

"என்னங்க?" அவ குரல் நிலைக்கிட்டயே மாறிடுச்சு. செருப்பு கழட்டற சத்தம் கேக்கல. "என்னங்க, என்னாச்சு?"

"கும்பிடறேன்." இந்த வியாதியில குரலும் உள்ள போயிடுச்சு, நான் சொன்னது எனக்கே கேக்கல. "சாமி கும்பிடறேன் சௌந்தரம்."

இப்ப சந்தோஷப்படுவா, இப்ப முருகான்னு கன்னத்துல போட்டுக்குவா, விபூதி டப்பாவைத் திறக்கற சத்தம் வரும்னு கிடக்கறேன், ஒண்ணும் வரல. அர்ச்சனைக் கூடை கீழ வச்ச சத்தம், இல்ல, நழுவின சத்தம், தேங்காய் மூடி ஒண்ணு உருண்டு என் தலைக்கிட்ட வந்து நின்னுச்சு. அவ பக்கத்துல உக்காந்தா, முட்டி வலியில அவளுக்கு உக்கார்றதே கஷ்டம், சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு உக்காந்தா. என் முதுகுல கை வச்சா. நடுங்குது. என் நடுக்கம் அவ கையில தெரியுதா, அவளே நடுங்கறாளான்னு குழப்பமா இருந்துச்சு, நான் மூச்சை அடக்கிப் பாத்தேன், அவதான்.

"எனக்குத் தெரியாம டாக்டர் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

"இல்லையே."

"பொய் சொல்லாதீங்க. போன தடவை என்னை வெளிய மருந்து வாங்க அனுப்பிட்டு உங்ககிட்ட பேசினாரே, என்ன சொன்னாரு? நாள் குறிச்சுட்டாரா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மா தோணுச்சு, கும்பிட்டேன்."

"சும்மாத் தோணுமா உங்களுக்கு?" அழுகை வந்துடுச்சு அவளுக்கு. "புள்ளை சாகக் கிடந்தப்போ தோணலையே. உங்கம்மா போனப்போ தோணலையே. அப்பல்லாம் உங்கமேல எவ்வளவு கோவம் வந்திருக்கு தெரியுமா, ஆனா ஒரு தைரியமும் இருந்துச்சு, இந்த ஆளு எதுக்கும் பயப்படலையே, அப்ப ஒண்ணும் ஆகாதுன்னு. நான் கும்பிடறதுக்கு நான் இருக்கேன். நீங்க எதுக்குங்க இப்படிக் கிடக்கறீங்க? அவ்வளவு பயந்து போயிட்டீங்களா?"

விழுந்தேன்னா வீட்டைப் பூட்டுவா, விழலைன்னா அழறா. இது எந்தக் கணக்குலயும் வரல. சந்தோஷப்படுவான்னு நினைச்சேனே, நாப்பது வருஷம் கூடவே இருந்துட்டு இதுகூடத் தெரியல எனக்கு.

"போதும்," மூக்கை உறிஞ்சிக்கிட்டா. "இனிமே இங்க தனியா உங்களை வச்சுக்கிட்டு என்னால ஆகாது. நீங்க இப்படி ஆயிட்டீங்கன்னா நான் யாரைப் பாத்துத் தைரியமா இருக்கறது? நிலவனைக் கூப்பிடறேன், சாயந்தரமே காரோட வரட்டும். போயிடலாம்." கைப்பையைத் துழாவறா, போனை எடுத்துட்டா, ரிங் போற சத்தம் எனக்கே கேக்குது. அவ கை முதுகுலயே இருக்கு, நடுக்கம் நிக்கல. அந்த நடுக்கத்தை என்னால தாங்க முடியல. சென்னையைப் பத்தி அப்ப நான் நினைக்கல, சத்தியமா நினைக்கல, இந்தக் கை நிக்கணும், அவ்வளவுதான்.

"விழுந்துட்டேன்," ன்னேன்.

"என்ன?"

"கும்பிடல. விழுந்துட்டேன். நீ போனதும் விழுந்தேன். எந்திரிக்க முடியல, நீ திட்டுவேன்னு கையைக் கூப்பிக்கிட்டேன்."

"அலோ, அம்மா," ன்னான் நிலவன் போன்ல. அவ அதைக் கவனிக்கல. குனிஞ்சு என் முகத்தைப் பாக்கறா, பாதி முகம்தானே வெளிய தெரியுது, அந்தப் பாதியைப் பாக்கறா.

"கும்பிடலையா?"

"இல்ல."

"சத்தியமா?"

"நான் என்னைக்குடி சத்தியம் பண்ணியிருக்கேன்?"

"அம்மா? அம்மா, லைன்ல இருக்கியா?"

போனை மடியில போட்டுட்டு வேட்டி முனையைப் பிடிச்சு இழுத்தா, ராத்திரி இழுக்கற மாதிரியே, ஒரே இழுப்பு, நான் மல்லாந்துட்டேன். ஃபேன் சுத்துது, கூரை தெரியுது, அவ மூக்கு நுனியில தண்ணி தொங்குது. விலாவைத் தொட்டுப் பாக்கப் போனவ என் சட்டைப் பையிலேர்ந்து எதையோ எடுத்தா, நசுங்கிப் போன தீப்பெட்டி, குச்சி எல்லாம் பையிலயே கொட்டிக் கிடக்கு.

"ஐயோ, தீப்பெட்டி," ன்னா. "நான்தானே கேட்டேன். விளக்குப் போட தீப்பெட்டி மறந்துட்டேன், அலமாரியிலேர்ந்து எடுத்துட்டு வாங்கன்னு வாசல் கிரில்கிட்ட நின்னு கத்தினேன். சீக்கிரம் சீக்கிரம்னு வேற கத்தினேன். வரலைன்னதும் கோயில்ல யார்கிட்டயாவது வாங்கிக்கலாம்னு போயிட்டேனே."

தீப்பெட்டிக்குத்தான் வந்திருக்கேன். எடுத்திருக்கேன், பையில போட்டிருக்கேன், வாசல் பக்கம் திரும்பியிருக்கேன், அவசரமா, நின்ன இடத்துலயே. கூப்பிட்டது அவதான். எனக்குள்ள ஒண்ணு அப்பாடான்னு உக்காந்துச்சு, அவளுக்கும் அப்படித்தான் போலிருக்கு, முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா, தோள் குலுங்குது, அழறாளோன்னு பாத்தேன், சிரிக்கறா. சிரிச்சுக்கிட்டே என் நெத்தியில ஒரு குட்டு வச்சா, வலிக்கற மாதிரியே வச்சா. மடியில நிலவன் அம்மா அம்மான்னு கத்திக்கிட்டு இருக்கான், போனை எடுத்துக் காதுல வச்சுக்கிட்டா, கண்ணைத் துடைச்சுக்கிட்டா.

"நிலவா, அப்பா விழுந்துட்டாங்கடா," ன்னா, பையன் பாஸாயிட்டான்னு சொல்ற குரல்ல. "ஆமாடா, விழத்தான் செஞ்சாங்க. விலாவுல அடி, சாயந்தரம் டாக்டர்கிட்ட அழைச்சுக்கிட்டுப் போறேன். இல்ல, பூட்டல. நான் பூட்ட மாட்டேன், நீ வேணும்னா வந்து பாத்துட்டுப் போ. ஒண்ணுமில்லடா, வேற ஒண்ணும் இல்ல. வெறும் விழுந்ததுதான்."